மெழுகுச் சீலையில் உரோகிணி: மழைமாத வானமும் உப்பளத்து ஏக்கமும்

1

குளிர்காலத்தில் உட்கார்ந்துகொண்டு கோடை இரவை, அதன் நட்சத்திரங்களை, திறந்த வெளியை நினைத்து ஏங்குவது என்கிற உணர்ச்சி நவீனத் தமிழ் எழுத்துக்குள் பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழியாக நுழைந்தது. பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் அதற்கு ஒரு பொருள் உண்டு. நமக்கோ மார்கழி இதம், சித்திரை கொடுமை. பொதுப்புத்தி அப்படித்தான் பழகியிருக்கிறது. ஆகவே கோடைக்கு ஏங்குகிற தமிழனை இரவல் உணர்ச்சிக்காரன் என்றோ குளிர்பதன அறைக்காரன் என்றோ நம் விமர்சனம் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடும்.

இந்தத் தீர்ப்பு அனுமந்தையில் செல்லாது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற ஊர் அது. அந்தக் கரையின் உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வருஷம் இரண்டாகத்தான் பிளக்கிறது. உப்பு உண்டு, உப்பு இல்லை, அவ்வளவுதான். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி எல்லாம் வெள்ளக்காடு. தை பிறந்த பிறகுதான் தண்ணீரை இறைத்து, வரப்பைக் கட்டி, சேற்றை மிதித்து மிதித்து இறுக்கி மறுபடி தொடங்க வேண்டும். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்பு. வெயிலும் காற்றும் சேர்ந்து நீரைக் குடித்து 25 டிகிரி போமே அளவுக்கு ஏற்றினால்தான் அது பாத்தியில் இறங்கும். நடுவில் ஒரு கோடைமழை பெய்தாலும் போச்சு, பல நாள் உழைப்பு கரைந்துவிடும். இங்கே ஒருத்தி மேகத்தை அண்ணாந்து பார்த்து 'வானம் எப்போ வெளுக்கும்' என்று கேட்டால் அது எந்த மொழியிலிருந்தும் பெயர்க்கப்பட்ட ஏக்கம் அல்ல.

அப்படியானால் இந்த ஏக்கத்துக்கு நம் இலக்கியத்தில் இடம் என்ன? ஏக்கத்துக்கும் பருவத்துக்கும் முடிச்சுப் போட்டதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. திணைக்கோட்பாடே அதுதான். எனவே கேள்வியை அங்கேதான் வைக்க வேண்டும்.

2

நக்கீரரின் 'நெடுநல்வாடை'யை எடுத்துக்கொள்வோம். கூதிர்க்காலம். கணவன் பாசறையில். அரண்மனையில் யானைத்தந்தக் கால் வைத்த கட்டிலில் அரசி. அந்தக் கட்டிலுக்கு மேலே மெழுகு பூசிய ஒரு விதானச் சீலை. அதில் ராசி மண்டலமும் நிலவும், நிலவை விட்டுப் பிரியாத உரோகிணியும் எழுதப்பட்டிருக்கின்றன. அரசி அந்த உரோகிணியைப் பார்க்கிறாள், தன் நிலையை நினைக்கிறாள், பெருமூச்சு விடுகிறாள்.

தமிழில் குளிர்கால ஏக்கமும் நட்சத்திரம் பார்த்தலும் ஒரே இடத்தில் கூடுகிற மிகப் பழைய காட்சிகளில் இது ஒன்று எனலாம். ஆனால் கவனிக்க வேண்டியது, அவள் பார்ப்பது வானத்தை அல்ல. வெளியே மழை. வானம் கிடையாது. இருப்பது வானத்தின் ஓவியம். மேகம் மறைக்காத வானம் ஒன்றை அதிகாரம் தன் கூரைக்குக் கீழே தயாரித்து வைத்திருக்கிறது.

இதே பிரதியின் தொடக்கத்துக்குப் போங்கள். வெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரையை மேட்டுநிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிற கோவலர் வருகிறார்கள். பழகிய இடத்தை விட்டு வந்த வருத்தம், குளிர், நடுங்கும் கன்னம், கையில் கொள்ளிக்கட்டை. அவர்களுக்கும் மழைதான், அவர்களுக்கும் இடப்பெயர்வுதான், அவர்களுக்கும் இழப்புதான். ஆனால் அவர்களுக்குப் பெருமூச்சு தரப்படவில்லை. நடுக்கம்தான் தரப்பட்டிருக்கிறது. அரசியின் மூச்சு உரிப்பொருளாகிறது. கோவலரின் நடுக்கம் கருப்பொருள், அதாவது பின்னணி. ஒரே பருவம் ஒருத்திக்கு மனமாகவும் இன்னொருவனுக்கு வெறும் உடம்பாகவும் பங்கிடப்படுகிறது.

நம் மரபு இந்தப் பங்கீட்டைப் பேசவில்லை. பேசியது வேப்பிலையை. பாடலில் வரும் வேலில் வேம்பு கட்டப்பட்டிருப்பதால் அது பாண்டியனின் அடையாளம், ஆகவே இது அகமாகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர். அந்த விவாதம் இன்றைக்கும் வகுப்பறைகளில் ஓடுகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருப்போம். கொள்ளிக்கட்டையைப் பிடித்திருந்தவன் எதற்கு ஏங்கினான் என்று வினாத்தாள் கேட்டதில்லை. இதை நக்கீரரின் குறை என்று சொல்ல வரவில்லை. கோவலரை முதலில் நிறுத்தியவரே அவர்தான். குறை, வாசித்த நம்முடையது.

3

இனி நெய்தல். முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் பின்பனியும் என்று தொல்காப்பியம் பெரும்பொழுதை வகுக்கிறது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் தனியாக ஒன்று சொல்லவில்லை. சொல்லாததால் ஆறு பருவமும் அவற்றுக்கு உரியன என்று உரை மரபு முடித்துக்கொண்டது. நெய்தலுக்கு எற்பாடு என்ற சிறுபொழுது உண்டு, பருவம் என்று ஒன்று இல்லை.

இது யாருடைய நெய்தல்? உப்பு விளைகிற நிலத்துக்கு எல்லாப் பருவமும் ஒன்று என்று உப்பு வாருகிறவர் சொல்லமாட்டார். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அலை பன்னிரண்டு மாதமும் அலைதான். அளத்துக்குள் நிற்பவருக்குப் பருவம்தான் எல்லாமும். உமணரும் அவர்களுடைய உப்பு வண்டிகளும் சங்கப் பாடல்களில் நிறையவே வருகிறார்கள். விற்கப் போகிற உப்புக்கு வழி உண்டு, வண்டி உண்டு, எருது உண்டு. விளையாத மாதத்து உப்புக்கு அங்கே பாட்டு அரிது.

இன்னொரு தலைகீழாக்கமும் இருக்கிறது. முல்லையில் கார் வந்தால் தலைவன் திரும்புவான், மழை என்பது கூடல். பாலையில் வேனில் என்பது பிரிவு. உப்பளத்தில் மழை வந்தால் ஆட்கள் வேறு கூலி தேடிச் சிதறுகிறார்கள், வெயில் வந்தால் பாத்திக்குத் திரும்புகிறார்கள். இலக்கணத்தின் பிரிவுக்காலம் இவர்களுக்குக் கூடல் காலம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சரி. ஐப்பசியிலிருந்து தை வரை வேலையில்லாமல் வீட்டுக்குள் இருந்து வானம் வெளுக்கக் காத்திருப்பது இரங்கல் இல்லையென்றால் வேறு எது? தலைவி ஒருத்தி புன்னை மரத்தடியில் நின்றால்தான் இரங்கலா?

2022-இல் தமிழ்நாடு உப்பு நிறுவனம் தன் உப்புக்கு 'நெய்தல்' என்றே பெயர் வைத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உற்பத்தி இல்லாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்கென உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்ற திட்டமும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. தொகை போதுமா என்பது வேறு சண்டை, போட வேண்டிய சண்டையும்கூட. நான் சொல்ல வருவது, நெய்தலுக்கு ஒரு பெரும்பொழுது உண்டென்று உரையாசிரியர்கள் ஒப்பாததை ஓர் அரசாணை ஒப்புக்கொண்டுவிட்டது. விமர்சனம் இன்னும் ஒப்பவில்லை.

4

நட்சத்திரத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகச் சிக்கலாகிறது.

'கோடை வானம் பார்த்தல்' என்பது வட ஐரோப்பாவுக்கே அவ்வளவாகப் பொருந்தாத ஆசை. ஜூன் மாதத்து லண்டனில் இரவு முழுசாக இருட்டுவதேயில்லை. நட்சத்திரம் பார்க்க அவர்களுக்கு வசதி நீண்ட குளிர்கால இரவுதான். அவர்கள் கோடை இரவுக்கு ஏங்குவது பெரிதும் கதகதப்புக்கு ஏங்குவது. சோழமண்டலக் கரையில் நிலைமை நேர்எதிர். கார்த்திகை மாதத்தில் கார்த்திகை மீன்கூட்டம் பொழுது சாயக் கிழக்கே எழுந்து விடியும்வரை வானில் இருக்கும். தொடர்ந்து உரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை. ஆண்டின் மிகப் பிரகாசமான வரிசை அது. அந்த மாதத்தில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம் கூரை போட்டுவிடுகிறது. மாதத்துக்குப் பெயர் கொடுத்த மீனை அந்த மாதத்தில் பார்ப்பது அதிர்ஷ்டம். வானத்து விளக்கு தெரியாத மாதத்தில் நாம் வாசலில் அகல் வைக்கிறோம் என்று கார்த்திகை தீபத்தை வாசிக்கவும் இடமுண்டு.

கோடையிலோ வேறொரு வேடிக்கை. அக்னி நட்சத்திரம் என்று மே மாதத்துக் கத்திரி வெயிலைச் சொல்கிறோம். சூரியன் பரணி, கார்த்திகையை ஒட்டி நிற்கிற நாட்கள் அவை. ஆகவே அந்த நட்சத்திரம் மட்டும் அப்போது கண்ணுக்குத் தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். பங்குனி விடியற்காலை நாலு மணிக்குத் தெற்கே தேள் நிமிர்ந்து நிற்கும், நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை. அதன் வால்பக்கம் பால்வழியின் அடர்ந்த பகுதி. மே மாத முன்னிரவில் திரிசங்கு என்று சொல்லப்படுகிற தென்சிலுவை, கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்துக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே. லண்டன்காரருக்கு அது தன் ஊரில் ஒருநாளும் தெரியாது.

தமிழ்நாட்டின் பெரிய தொலைநோக்கியும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான். ஜவ்வாது மலையில் காவலூரில் 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் மேகம் விலகினால்தான் வேலை. விஞ்ஞானியும் உப்புக்காரரும் ஒரே வானம் வெளுக்கத்தான் காத்திருக்கிறார்கள். ஒருவருடைய காத்திருப்புக்குச் சம்பளம் உண்டு என்பது வித்தியாசம்.

வெயில் ஏறுமுன் முடிப்பதற்காக விடியுமுன்பே அளத்தில் இறங்குகிற தொழில் இது. ஆக, இந்தக் கரையில் கோடை வானத்தின் கீழ் அதிக நேரம் நிற்பவர்கள் கவிஞர்கள் அல்ல.

5

இங்கே முற்போக்கு விமர்சனம் கைதூக்கும். 'பசியோடு நிற்பவளுக்கு நட்சத்திரம் எதற்கய்யா? அவள் ஏங்குவது கூலிக்கு. அதில் அழகியலை ஏற்றாதே.' இந்தக் குரலை நான் மதிக்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' 1979-இல் தூத்துக்குடி உப்பளத்து வாழ்க்கையை நாவலுக்குள் கொண்டுவந்தபோது வெயில் வதையாகவே வந்தது. வர வேண்டியதும் அப்படித்தான். உப்பளத்தை வெள்ளிப் பாளம் என்று காலண்டர் படமாக்கிப் பார்க்கிற கண்ணுக்கு அது ஒரு அறை.

ஆனால் 'அவளுக்குக் கூலி மட்டுமே' என்று சொல்கிறபோது நாம் செய்வது நெடுநல்வாடையின் பங்கீட்டையே இன்னொரு முறை செய்வது. அரசிக்கு மூச்சு, உழைப்பவருக்கு நடுக்கம். உடம்பை மட்டும் கொடுத்து மனசை எடுத்துக்கொள்வது. கூலிக்கான ஏக்கமும் வானத்துக்கான ஏக்கமும் அளத்தில் இரண்டு பொருட்கள் அல்ல. வெளுத்த வானம் என்றால் நாளைக்கு வேலை. நட்சத்திரம் தெரிகிறது என்றால் மழை இல்லை. அந்தத் தெரிதலில் நிம்மதி எங்கே முடிகிறது, அழகு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட நமக்கு என்ன உரிமை? அழகு என்பதே தேவையிலிருந்து விலகி நிற்கும் பார்வை என்ற மேலைத்தேயப் பாடத்தை ஒப்பிக்காவிட்டால் இந்தப் பிரிவினைக்கு வேலையே இல்லை.

நற்றிணையின் 231-ஆம் பாடல் நெய்தல். கடலில் முதுகு நனைய ஆடும் சிறு வெண்காக்கைக் கூட்டத்துக்கு வானத்து எழுமீனை உவமை சொல்கிறது அது. வானமும் நீரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வது நெய்தலுக்குப் பழைய விஷயம். பாத்தி மிதிக்கிறவருக்கு அந்தப் பார்வை கிடையாது என்று எந்த இலக்கணமும் எழுதிவைக்கவில்லை.

6

இப்போது நடப்பது வேறு. மழைமாதத்தில் இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் வருகிறது. கழுவெளி ஏரி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகள் வருகிற மாதங்களும் உப்புக்கூலி இல்லாத மாதங்களும் பெருமளவு ஒன்றே. தொலைநோக்கியோடு வருகிறவருக்கு இது இயற்கையின் பருவம், உள்ளூரில் இருப்பவருக்கு இல்லாமையின் பருவம். பறவை பார்ப்பவரைத் திட்டுவதில் பயனில்லை. கழுவெளி பிழைத்தால் கரைக்கும் நல்லதுதான். ஆனால் 'இயற்கை' என்ற சொல்லை யாருடைய காலண்டரை வைத்து உச்சரிக்கிறோம் என்று கேட்காமல் சூழலியம் பேச முடியாது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து அளங்கள் நீருக்குள் போயின. செய்தியில் அது ஏக்கர் கணக்காக வந்தது. காத்திருப்பு எத்தனை வாரம் நீண்டது என்பதற்கு அளவுகோல் யாரிடமும் இல்லை.

கோடை வானமும் முன்போல் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் சுங்கச்சாவடி ஒன்று அனுமந்தையிலேயே அமைக்கப்பட்டது. சாவடி, விடுதி, பெட்ரோல் பங்க், பண்ணை வீடு என்று சாலை நெடுக விளக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. மேகம் வருஷத்தில் மூன்று மாதம் மறைக்கும். விளக்கு பன்னிரண்டு மாதமும் மறைக்கும். சென்னையில் 1988 முதல் பிர்லா கோளரங்கம் இருக்கிறது, கைபேசியில் வான்வரைபடம் இருக்கிறது. நல்ல விஷயங்கள்தான், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். என்றாலும் அவை அரசியின் கட்டிலுக்கு மேலே இருந்த மெழுகுச் சீலையின் வழித்தோன்றல்கள். வெளியே வானத்தை இழந்துகொண்டே உள்ளே அதை எழுதி வைத்துக்கொள்வது பழைய அரண்மனைப் பழக்கம். அன்றைக்கு மழை மறைத்தது. இன்றைக்கு நாமே மறைக்கிறோம்.

திணைக்கோட்பாட்டைத் தமிழனின் சூழலியல் ஞானம் என்று மேடையில் கொண்டாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கொண்டாடுங்கள். அதற்கு முன்னால் உரைமரபு 'ஆறு பருவமும்' என்று சொல்லி விட்ட இடத்தில், உப்பு விளையும் மாதம், விளையாத மாதம் என்று இரண்டு பொழுதை எழுதிச் சேர்க்க வேண்டும். அந்த விளையாத மாதத்துக்கு உரிப்பொருளாக இரங்கலை வைக்க வேண்டும். மூச்சு விடுகிறவர் யார் என்ற இடத்தில் இந்தத் தடவை அரசியைப் போடக் கூடாது.