யாருக்கு நடந்தது கட்டாயக் கல்யாணம்? - ஒரு சரித்திரக் காதல் நாவலும் அதன் வாசகிகளும்

அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு ஊர். ஸ்மித்டன் என்பது ஆய்வாளர் அதற்கு இட்ட புனைபெயர். அங்கே ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்த 'டாட்' (இதுவும் புனைபெயர்தான்) என்ற பெண்மணியின் சிபாரிசைக் கேட்டுக் காதல் நாவல்களாக வாங்கித் தள்ளும் பெண்கள் கூட்டம் ஒன்று இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜானிஸ் ராட்வே அங்கே போனார். 42 பேரிடம் வினாத்தாள் கொடுத்து வாங்கினார், 16 பேரோடு உட்கார்ந்து பேசினார். காதல் நாவலில் ஒருபோதும் இருக்கக் கூடாதவை எவை என்று ஒரு கேள்வி. அந்தப் பட்டியலில் முன்னால் வந்து நின்றது பாலியல் பலாத்காரம். சரி, உங்களுக்கு மிகவும் பிடித்த நாவல்கள் எவை? கேத்லீன் உட்விஸ் எழுதிய 'தி ஃபிளேம் அண்ட் தி ஃபிளவர்' என்றார்கள் (சுடரும் பூவும் என்று வைத்துக்கொள்வோம்). அந்த நாவலில் கதாநாயகிக்கும் கதாநாயகனுக்கும் முதல் சந்திப்பே பலாத்காரம்தான்.

இரண்டில் எந்தப் பதில் பொய்? பொய் எதுவும் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டையும் அவர்கள் மனமறிந்தே சொல்லியிருக்கிறார்கள். இந்த முரண்பாட்டை வாசகிகளின் அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போனால் விமர்சகனுக்கு வேலை மிச்சம். ஆனால் பிரதி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1799, இங்கிலாந்து. பெற்றோர் இல்லாத ஹெதர் என்ற பெண், கொடுமைக்கார அத்தையிடமிருந்து லண்டனுக்கு வந்து சேர்கிறாள். கூட்டிவந்தவன் கைவைக்க முயல, அவனிடமிருந்து தப்பி இருட்டில் துறைமுகப் பக்கம் ஓடுகிறாள். இரண்டு மாலுமிகள் அவளைத் தெருவில் நிற்கும் விலைமகள் என்று நினைத்துத் தங்கள் கேப்டனிடம் கொண்டுபோய் விடுகிறார்கள். கேப்டன் பிராண்டன் பர்மிங்ஹாம், அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் பண்ணை உள்ளவன். கப்பலில் அது நடக்கிறது. தப்பித்து வீடு திரும்பியவள் கர்ப்பம் என்று தெரிந்ததும், செல்வாக்குள்ள ஒரு பிரபு கேப்டனை மிரட்டிக் கல்யாணம் செய்துவைக்கிறார். ஊரில் தனக்கென்று ஒருத்தி நிச்சயிக்கப்பட்டிருக்க, இப்படிக் கழுத்தில் கத்தி வைத்தாற்போலக் கட்டிவைக்கப்பட்ட ஆத்திரம் அவனுக்கு. உன்னை மனைவியாக அல்ல, வேலைக்காரியாக நடத்துவேன் என்று சபதம் செய்கிறான். கடற்பயணம், காய்ச்சல், அவன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்வது, பிரசவம், சில கொலைகள், கடைசியில் இருவரும் மனமொத்த தம்பதி. 1972இல் ஏவான் நிறுவனம் இதை நேரடியாக மலிவுப் பதிப்பாகவே வெளியிட்டது. விற்பனை பல லட்சங்களைத் தாண்டியது. ஆங்கிலச் சரித்திரக் காதல் நாவல் என்ற இன்றைய சரக்கு அங்கிருந்துதான் கிளம்பியது என்று சொல்வார்கள்.

ஸ்மித்டன் வாசகிகள் இந்நாவலை எப்படி நியாயப்படுத்தினார்கள்? அவன் அவளை விலைமகள் என்று தவறாக நினைத்துவிட்டான், தெரிந்து செய்யவில்லை, அது 'நிஜமான' பலாத்காரம் ஆகாது. இப்படி ஒரு விலக்கு. ராட்வே இதைக் கவனமாகவே பதிவு செய்கிறார். அவருடைய விளக்கம் இது: காதல் நாவலின் கதையாடல், ஆணின் முரட்டுத்தனத்தைப் பின்னோக்கி மறுவாசிப்புச் செய்யப் பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறது. முன்பு கொடுமையாகத் தெரிந்தது, பிற்பாடு மறைந்திருந்த அன்பின் அடையாளமாகப் பொருள் மாற்றம் பெறுகிறது. ப்ராப் நாட்டார் கதைகளுக்குச் செய்ததுபோல இவரும் காதல் நாவலுக்கு 13 கட்டங்கள் வகுத்துக் காட்டுகிறார். டானியா மோட்லெஸ்கி 1982இலேயே கிட்டத்தட்ட இதே இடத்தைத் தொட்டிருந்தார். கதாநாயகிக்குத் தெரியாதது வாசகிக்குத் தெரியும். சூத்திரம் தெரிந்திருப்பதால் அவன் முறைக்கும்போதே இவளுக்கு அது காதல் என்று தெரிந்துவிடுகிறது.

எல்லாம் சரிதான். ஆனால் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் 'தவறாக நினைத்துவிட்டான்' என்ற வாதம் நிற்கவில்லை. முதல் தடவையிலேயே அவள் கன்னி என்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. திரும்பவும் நடக்கிறது. அவளை வைப்பாக வைத்துக்கொள்ளும் யோசனையும் அவனுக்கு இருக்கிறது. அதாவது, தவறான புரிதல் என்ற சலுகை, கொடுத்தாலும் ஒரு முறைக்குத்தான் செல்லும். (விலைமகளாக இருந்திருந்தால் பரவாயில்லையா என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை, அதையும் குறித்துக்கொள்வோம்.) நூற்றுக்கணக்கில் நாவல்களை வாசித்துத் தேர்ந்த பெண்கள் இதைக் கவனிக்காமலா விட்டார்கள்? விட்டிருக்க மாட்டார்கள். வேறு ஏதோ ஒன்று அவர்களை அந்த இடத்தைத் தாண்டிப் போக வைத்திருக்கிறது.

அந்த வேறு ஒன்று, கல்யாணம். இந்த நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 'கட்டாயக் கல்யாணக் கதை' என்கிறார்கள். யாருக்குக் கட்டாயம்? பிரதி வெளிப்படையாகவே சொல்கிறது, அவனுக்கு. மிரட்டப்பட்டவன் அவன், கையெழுத்துப் போட வைக்கப்பட்டவன் அவன், சுதந்திரம் போய்விட்டதே என்று நூறு பக்கத்துக்குமேல் குமுறுகிறவனும் அவன்தான். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதைப் பிரதி ஒளிக்கவில்லை, ஆனால் அது பேச்சாக எழும்புவதில்லை. கப்பலில் அவளுக்கு நடந்தது ஒரு வன்முறை, பிரபுவின் வீட்டில் அவனுக்கு நடந்தது ஒரு வன்முறை என்று கதையாடல் பேரேட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பற்று எழுதிவிடுகிறது. கணக்கு நேர்! இனிமேல் இருவரும் 'பாதிக்கப்பட்டவர்கள்'. வாசகியின் தீர்ப்புக்கு வரும் வழக்கு என்ன? 'அவனுக்கு இவ்வளவு கோபம் நியாயமா, எப்போது தணியும்?' முதல் வழக்கு விசாரணைக்கே வராமல் தள்ளுபடி ஆகிவிட்டது. இதை வாசகிகளின் மனப் பிறழ்வாகப் பார்ப்பதற்கு முன்னால், எந்தக் குற்றப்பத்திரிகையை அவர்கள் கையில் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டாமா?

இந்தத் தள்ளுபடி உட்விஸின் தனிக் கண்டுபிடிப்பு அல்ல. மனைவி திருமணத்தின்போது கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற முடியாது என்ற கருத்து, ஆங்கிலேயத் தலைமை நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி, அவர் இறந்து பல காலம் கழித்து 1736இல் அச்சான நூலில் இருக்கிறது. அதன் நிழலில் இங்கிலாந்து 1991 வரை இருந்தது. நாவல் வெளியான 1972இல் அமெரிக்காவிலும் கணவன் மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்த வழியில்லை. 1970களின் நடுவில் தொடங்கி 1993க்குள்தான் ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அது குற்றமாயிற்று. (நம்முடைய 2023ஆம் ஆண்டுப் புதிய தண்டனைச் சட்டமும் அந்த விதிவிலக்கைக் கைவிட மனம் வராமல் வைத்துக்கொண்டது.) சூசன் பிரவுன்மில்லரின் பலாத்காரம் பற்றிய புத்தகம் வந்ததே 1975இல். எனவே ஸ்மித்டன் பெண்கள் 'அது நிஜமானதல்ல' என்றபோது நாவலின் தர்க்கத்தை மட்டும் பேசவில்லை. அவர்கள் மணமாகி வாழ்ந்த சட்டத்தின் தர்க்கத்தையும் சேர்த்துத்தான் பேசினார்கள். கல்யாணம் முன்தேதியிட்டும் வேலை செய்யும் என்பதை நாவல் அதோடு கூடுதலாகச் சேர்த்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எம்.ஏ.வில் தொல்காப்பியக் களவியலை உரையோடு படித்தவர்களுக்கு ஒன்று நினைவு வரலாம். எண்வகை மணம் பேசுகிற உரையாசிரியர்கள், பெண்ணை அவள் விருப்பமின்றி வலிதிற் கொள்வதற்கு இராக்கதம் என்று பெயர் வைத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே தள்ளி வைத்தார்கள். பழைய இலக்கணக்காரர்களைப் பெண்ணியவாதிகள் ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. எட்டையும் மணம் என்றே அழைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பெயர் இருந்தது, வேலி இருந்தது. உட்விஸின் நாவல் செய்வது வேலியைத் தாண்டுவது. இராக்கதத்தில் ஆரம்பித்து நானூறு பக்கம் நடந்து ஐந்திணைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் ஒரே ஊர்தான் என்கிறது.

அதே சமயம் ஸ்மித்டன் வாசகிகள் எதைக் கொடுத்தாலும் விழுங்கியவர்கள் இல்லை. கதாநாயகன் திரும்பத் திரும்பக் கொடுமை செய்து, அதற்குக் காரணமும் விளங்காமல், இளகவும் இல்லாத நாவல்களைக் குப்பை என்று வீசியிருக்கிறார்கள். பலர் புத்தகத்தை வாங்கும் முன்பே கடைசிப் பக்கங்களைப் புரட்டி முடிவு நல்லபடியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்களாம். இதைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. வாடகை நூலகத்திலிருந்து வாரம் நாலு ரமணிசந்திரன் எடுத்து வருவார். பெரும்பாலும் அவசரத்தில் முடிந்த கல்யாணம், முறைத்துக்கொண்டே இருக்கும் கணவன். கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பி.ஏ. படித்துக்கொண்டிருந்த திமிரில் ஒரு நாள் கிண்டல் செய்தேன். "கடைசியில சரியாகலைன்னா நான் எதுக்குடா இவ்வளவு நேரம் அழணும்? அதுக்குத்தான் வீடு இருக்கே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் அதற்கு நேரான பதில் இல்லை.

அத்தை சொன்னதைத்தான் ராட்வே தன் கோட்பாட்டு மொழியில் இரண்டாகப் பிரிக்கிறார். வாசிப்பு என்ற செயல் ஒரு எதிர்ப்பு: சமையல், பிள்ளைகள், கணவன் என்று எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பவள் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் இரண்டு மணி நேரம். வாசிக்கப்படும் பிரதியோ சமரசம்: கணவனை வேறு மாதிரிப் புரிந்துகொள், போதும். இந்தப் பிரிப்பு உபயோகமானது. ஆனால் அவருடைய குரலில் ஒரு தாதி இருக்கிறாள். இந்தப் பெண்கள் பெண்ணியத்தின் பக்கம் வந்துவிட்டால் நாவல் தேவைப்படாது என்ற தொனி. இயென் ஆங் இதைத்தான் விமர்சித்தார்: 'நாம்' தெளிந்தவர்கள், 'அவர்கள்' தெளிய வேண்டியவர்கள். இங்கே தமிழில் வெகுசன நாவல் பற்றி நாம் எழுதுவதை எடுத்துப் பார்த்தால் ராட்வேயின் பரிவுகூட இருக்காது. வாசகியைக் கேட்காமலே அவளுக்கு என்ன வியாதி என்று எழுதிவிடுகிறோம்.

ராட்வேயிடம் எனக்குள்ள தகராறு வேறு. அவர் வாசகிகளின் அபிப்பிராயத்தைக் கேட்டது பெரிய காரியம். ஆனால் அபிப்பிராயத்தை அவர்களுடைய உளத் தேவையின் அறிகுறியாகத்தான் வாசிக்கிறார். தாயிடம் கிடைத்த பராமரிப்புக்கான ஏக்கம் என்று நான்சி சோடரோவிடம் போய்விடுகிறார். காய்ச்சலில் கிடக்கும் ஹெதரை பிராண்டன் பராமரிக்கும் கட்டம் இதற்கு வசதியாகப் பொருந்தவும் செய்கிறது. நானோ அந்த அபிப்பிராயங்களை ஒருவகைத் தீர்ப்புரைகளாக வாசிக்கலாம் என்கிறேன். எந்தக் குற்றத்தை எந்த நிபந்தனையில் மன்னிக்கலாம் என்று யோசித்துச் சொல்கிற பெண்கள் இவர்கள். மன்னிக்காமல் வெளியேறிப் போவது எளிதல்லாத இடத்திலிருந்து சொல்கிறார்கள். தீர்ப்பு தவறு என்று நான் சொல்லலாம், சொல்கிறேன். ஆனால் தீர்ப்பு சொல்லத் தகுதியற்றவர்கள் என்று சொல்ல முடியாது.

இன்று இந்நாவலைப் புதிதாக எடுக்கும் இளம் வாசகிகளில் பலர் கதாநாயகனை மன்னிப்பதில்லை. கப்பல் காட்சியோடு மூடி வைத்துவிடுகிறார்கள். மூத்த வாசகிகள் 'அந்தக் காலத்தை வைத்துப் படிக்க வேண்டும்' என்கிறார்கள். எந்தக் காலம்? 1799ஆ, 1972ஆ? இந்தச் சண்டையிலும் பேச்சு அந்த ஒரு காட்சியைச் சுற்றியே போகிறது. கல்யாணத்தைத் தொடுவதில்லை. அவன் கப்பலில் கண்ணியமாக நடந்திருந்து, வேறு ஏதோ காரணத்தால் இருவரும் கட்டிவைக்கப்பட்டிருந்தால் இதே இளம் வாசகிகள் கதையை ரசித்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. அப்படிப்பட்ட கட்டாயக் கல்யாண நாவல்கள் ஆங்கிலத்தில் இன்றும் நன்றாகவே விற்கின்றன.

இன்னொன்று. ஹெதர் வந்து சேர்கிற இடம் தென் கரோலினாவில் ஹார்த்தேவன் என்ற பண்ணை. அங்கே ஹாட்டி என்று ஒரு கறுப்புப் பெண், வீட்டு நிர்வாகம் அவள் கையில். புது எஜமானியை அணைத்துக்கொண்டு, பிரசவத்தில் கூட நின்று, எஜமானனின் கோபத்தைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுக்கிறவள். பிரதிக்கு அவள் வெதுவெதுப்பான ஒரு பின்னணி. அந்த மாநிலத்தில் அன்று அடிமைகளுக்கிடையே நடந்த கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. கணவனை ஒரு பண்ணைக்கும் மனைவியை இன்னொரு பண்ணைக்கும் விற்கலாம். யாரோடு சேர் என்று எஜமானன் உத்தரவிடலாம், எஜமானனே வரலாம், எதற்கும் வழக்கு இல்லை. வலுக்கட்டாயம், சம்மதம், கல்யாணம் என்ற மூன்று சொற்களை வைத்து 1972இலிருந்து நடந்துவரும் இந்த நீண்ட விவாதத்தில், அந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் அதிகமாக ரணப்பட்ட இடம் கதாநாயகியின் படுக்கையறைக்கு வெளியே தட்டை ஏந்தி நிற்கிறது. ஹாட்டிக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, யார் செய்துவைத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதாக நான் படித்தவற்றில் காணவில்லை. இதை எழுத உட்காரும்வரை நானும் கேட்கவில்லை.