இணையவழிக் கூட்டுக் கற்றலும் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும்: ஒரு மதிப்பீடு

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் பாடங்கேட்டலின் வரலாற்றைக் கூறுமிடத்து, மாணாக்கன் பெறும் புலமையை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுவார். ஆசிரியர் உரைப்பதை எத்துணைக் கருத்தோடு கேட்பினும் அவன் பெறுவது ஒரு கூறே. உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் வருவது மற்றொரு கூறு. எஞ்சிய இரு கூறும் தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் வந்து சேர்வன. இவ்வரையறையை அளவுகோலாகக் கொண்டு, மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இணையக் கருவிகள் புகுந்த முறையை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கூட்டுக் கற்றல் என்னும் பெயரால் இக்கருவிகள் அறிமுகம் செய்யப்பட்டபோதிலும், அவை பெரும்பாலும் முதற்கூற்றுக்கே பயன்பட்டுள்ளன என்பது நம் கருத்து.

இதன் வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். 2011-ஆம் ஆண்டின் இறுதியில் வழங்கப்பட்ட ஒன்பெஸ்தாரிநெட் திட்டத்தின்வழி ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் ஃபுரோக் என்னும் மெய்நிகர் கற்றல் சூழலும் அளிக்கப்பட்டன. தலைமைக் கணக்காய்வாளரின் 2013-ஆம் ஆண்டு அறிக்கை, ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகியோரின் பயன்பாடு 5 விழுக்காட்டையும் எட்டவில்லை எனச் சுட்டியது. 2019-இல் அத்திட்டம் முடிவுற்றது. ஆசிரியர்கள் கூகுள் வகுப்பறைக்கு மாறினர். 2020 மார்ச்சு 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் திங்களில் டெலிமா தளம் தொடங்கப்பெற்றது. ஒன்பது ஆண்டுகளுக்குள் ஓர் ஆசிரியர் மூன்று வாயில்களில் நுழைந்து பழகவேண்டியிருந்தது. இச்சூழலில் ஆசிரியரைச் சோம்பலுடையவர் எனக் குறைகூறுவது பொருந்தாது.

எனினும், இக்காலம் முழுவதும் மாறாது நிலைத்த ஒரு கருவி உண்டு. அதுவே ஆசிரியர்களின் புலனக் குழு. நாள் பாடத்திட்டம், பயிற்றி, மாதிரித் தேர்வுத்தாள் ஆகியன இரவோடிரவாக ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குச் சென்று சேர்கின்றன. இது பாராட்டத்தக்க ஈகையே. ஆயினும் இதனைக் கூட்டுப்பணி எனல் இயலுமா? ஒருவர் ஆக்கியதை நூறு பேர் பதிவிறக்கம் செய்கின்றனர். பள்ளியின் பெயரை மட்டும் மாற்றி அச்சிடுகின்றனர். பயிற்றியில் உள்ள பிழையும் உடன் பயணிக்கின்றது. இவ்வினாவால் மாணவர் எங்கே தடுமாறினர் என்று ஆக்கியவருக்கு எவரும் திருப்பி எழுதுவதில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னரும் மாதிரித்தாள்களின் ஓட்டம் நின்றுவிடவில்லை என்பது, பழக்கம் தேர்வைவிட நீண்ட ஆயுள் உடையது என்பதனைக் காட்டுகிறது. பகிர்தல் வேறு, கூடி ஆக்குதல் வேறு.

கூடி ஆக்குதற்குரிய கருவி கைக்கு எட்டும்போதும் அதன் சிறந்த பகுதி கவனிக்கப்படாது போவதை நாம் நேரில் கண்டோம். ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில் நான்கு மாணவர் ஒரே கூகுள் ஆவணத்தில் கட்டுரை எழுதினர். ஆசிரியர் முடிந்த கட்டுரையைத் திருத்தி, நால்வருக்கும் ஒரே புள்ளியை வழங்கினார். பின்னர் அவரது இசைவுடன் அவ்வாவணத்தின் திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்தோம். மூன்று பத்திகளை ஒரு மாணவியே எழுதியிருந்தாள். இருவர் எழுத்தின் வண்ணத்தை மாற்றியிருந்தனர். நான்காமவன், வகுப்பில் வாய் திறவாதவன், ஒரே ஓரிடத்தில் கை வைத்திருந்தான். 'படகு கறையை அடைந்தது' என்றிருந்ததை அவன் 'கரையை' எனத் திருத்தினான். சற்று நேரத்தில் மற்றொருவன் அதனை மீண்டும் 'கறையை' ஆக்கிவிட்டான். இறுதிப் படியில் 'கறை' நின்றது. ஆசிரியரின் சிவப்புக் கோடும் அதன்மேல் விழுந்தது. ரகர றகர வேறுபாட்டை அறிந்த ஒருவன் அக்குழுவில் இருந்தான் என்பது எவருக்கும் தெரியாமற் போயிற்று. அவனைக் கொண்டே மற்ற மூவருக்கும் அவ்வேறுபாட்டை விளக்கச் செய்திருப்பின், நன்னூலார் கூறும் இறுதி இரு கூறும் அன்றே அவனுக்கு வாய்த்திருக்கும்.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் தந்த உ.வே.சாமிநாதையர் வழிவந்த நமக்கு, ஒரு பனுவல் எவ்வாறு மாறி வந்தது என்று நோக்குவது புதியதன்று. ஆவணத்தின் திருத்த வரலாறும் ஒருவகைப் பாடவேறுபாட்டுத் தொகுப்பே. அதனைத் திறக்கத் தனிப்பயிற்சியும் வேண்டா.

மற்றொரு சிக்கல் தமிழுக்கே உரியது. கைப்பேசியில் எழுதும் மாணவன் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டி, மேலே தோன்றும் சொற்களுள் முதலாவதைத் தொடுகின்றான். லகர ளகர ழகரங்களுள் எது வேண்டுமென்று முடிவெடுப்பது கருவியே. கையால் எழுதும்போது அவனது பிழை அவன் செவியின் நிலையை ஆசிரியருக்குக் காட்டிக்கொடுக்கும். இங்கு அச்சான்று மறைந்துவிடுகின்றது. வலிமிகும் இடங்களிலோ நிலைமை தலைகீழ். 'கடைக்கு போனான்' எனச் சொற்கள் தனித்தனியே வந்து விழுவதால், அறிந்தவனும் ஒற்றை விடுத்துச் செல்கின்றான். இதற்காகக் கருவியை விலக்கிவிட வேண்டும் என்பது நம் வாதமன்று. முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கியதும் இந்நாட்டிலேதான். அஞ்சல் முறையிலோ, 1999-இல் சென்னை மாநாட்டின்வழி உருவான தமிழ்99 முறையிலோ தட்டெழுதும் மாணவன் ஒவ்வோர் எழுத்தையும் தானே தேர்ந்தெடுக்கின்றான். இவற்றுள் ஒன்றைப் படிநிலை இரண்டின் தொடக்கத்திலேயே முறையாகக் கற்பித்தல் வேண்டும். கருவிப் பயிற்சி என்னும் பெயரில் ஆசிரியர்களுக்கு நடத்தப்படும் பட்டறைகளில் நாம் கலந்துகொண்டவற்றுள் ஒன்றிலேனும் தமிழ்த் தட்டச்சுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கப்பட்டதாக நினைவில்லை. புதிர்ப்போட்டிச் செயலிகளுக்கு மட்டும் அரைநாள் கிடைத்தது.

இவற்றையெல்லாம் கடந்து, இக்கருவிகளின் தேவை எங்கே மிகுதி என்னும் வினா எழுகின்றது. 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பல, 150-உம் அதற்குக் குறைந்தும் மாணவரைக் கொண்ட குறைந்த மாணவர் பள்ளிகளாகும். அவற்றுள் பல தோட்டப்புறத்தைச் சார்ந்தவை. அத்தகைய பள்ளியின் ஆறாம் ஆண்டில் நான்கு மாணவரே இருத்தல் கூடும். உடன்பயில்வாரோடு பயிலுதல் என்பதற்கு அங்கே ஆள் இல்லை. தமிழாசிரியருக்கும் தம் பாடத்தைப் பற்றிக் கலந்துரையாட உடனாசிரியர் இல்லை. நகரப் பள்ளியில் வசதியாக இருக்கும் கூட்டு ஆவணம் இங்கே இன்றியமையாததாகின்றது. இரு சிறு பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர் எண்மர் வாரம் ஒருமுறை ஓர் ஆவணத்தில் கூடுவராயின், ஒருவர் கட்டுரையை மற்றவர் படிக்கவும் திருத்தவும் விளக்கவும் இயலும். ஆசிரியர் இருவரும் திருத்த வரலாற்றைச் சேர்ந்து நோக்கி அடுத்த பாடத்தைத் திட்டமிடலாம். இணைய இணைப்பு நலிந்த இடங்களிலும் எழுத்து மட்டும் உள்ள ஆவணம் காணொலிச் சந்திப்பைவிட எளிதில் திறக்கும்.

இதற்குப் புதிய தளம் வேண்டா. கணக்குகள் ஏற்கெனவே மாணவர் கையில் உள்ளன. இரு தலைமையாசிரியர்களின் ஒப்புதல் வேண்டும். அதனினும் கடினமானது, இரு பள்ளிகளின் கால அட்டவணையிலும் ஒரே நாளில் ஒரே நேரத்தில் அமையும் ஒரு தமிழ்ப் பாடவேளையைக் கண்டெடுப்பது.