கூவாகம்: தாலி கட்டும் இரவுக்கு முன்னும் பின்னும்

மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளையும் சித்திரை வெயிலில்தான் கூவாகம் திருவிழாவும் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்புக் குவியல்களைப் படமெடுத்துவிட்டு, "அப்படியே கூவாகத்தையும் பார்த்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால் கூத்தாண்டவர் கோயில். ஆனால் தாலி கட்டும் இரவு மட்டும் போய் நின்றால் கூட்டத்தையும் மல்லிகைப்பூவையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கூத்தாண்டவர் என்பது அரவான்தான். கதை தெரிந்ததுதான். பாண்டவர் வெல்ல, அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த அரவானைக் காளிக்குப் பலி கொடுக்க வேண்டும். சாவதற்கு முன் கல்யாணம் வேண்டும் என்கிறான் அவன். விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்? கண்ணனே மோகினியாகி ஓரிரவு மனைவியாகிறான். திருநங்கைகள் அந்த மோகினியாக நின்று பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் ஊர் ஆண்களையும் கவனியுங்கள். கேமராக்கள் அவர்கள் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை.

இரண்டு மூன்று நாள் முன்பே விழுப்புரம் போய்விடுவது நல்லது. லாட்ஜுகள் நிரம்பிவிடும். மிஸ் கூவாகம் அழகிப்போட்டி நடக்கும். எனக்கு மேடையைவிட லாட்ஜ் மாடிப்படிதான் முக்கியம். முதல்முறை வந்த சின்னவள் அங்கேதான் புடவைக் கொசுவத்தோடு போராடிக்கொண்டிருப்பாள். மூத்தவரைப் பார்த்தால் 'பாம்படுத்தி' என்று வணக்கம் சொல்ல வேண்டும் என்பதே அவளுக்குப் புதிது. ஜமாத் எனும் திருநங்கைகள் கூட்டமைப்பின் பேச்சு, குரு–சேலா (சிஷ்யை) முறை, யார் யாருக்கு மகள் என்ற உறவுக் கணக்கு எல்லாம் இனிமேல்தான் பழக வேண்டும். "பொம்பளை மாதிரி நடக்காதே" என்று பிறந்த வீட்டில் அடிவாங்கியவளுக்கு, நடையைத் திருத்திவிட இங்கே ஓர் அம்மா கிடைக்கிறாள். அந்த அம்மா அதட்டுவாள், அபராதமும் கட்டச் சொல்வாள். ஜமாத் ஒன்றும் சொர்க்கமில்லை.

ரேவதியின் 'வெள்ளை மொழி', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' ஆகிய தன்வரலாறுகள் இதை ஒளிக்காமல் சொல்கின்றன. போவதற்கு முன் ஒன்றையாவது படித்துவிடுங்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து டில்லிக்கும் மும்பைக்கும் போன ரேவதி, காதலையும் உடம்பின் ஆசையையும் பாலியல் தொழிலில் பட்ட அடியையும் குரலை மாற்றாமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்தவர்களுக்குக் கூவாகத்து இரவில் பக்தி எது, ஆசை எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றாது.

மறுநாள் காலையைத் தவறவிடாதீர்கள். திருவிழாவின் உச்சம் அதுதான் என்பேன். அரவான் தேரேறி அழுகளம் போகிறார். தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, பட்டுப்புடவை போய் வெள்ளைப்புடவை வருகிறது. ராத்திரி கும்மியடித்த அதே கைகள் மாரடிக்கின்றன. ஒப்பாரி அரவானுக்காகத்தான் தொடங்குகிறது. எத்தனை பேருக்கு அது விட்டுவந்த வீட்டை நினைத்து நீள்கிறது என்பதை, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டாலே புரியும்.

யாரிடமும் பழைய பெயரைக் கேட்காதீர்கள், ஆபரேஷனைப் பற்றியும் விசாரிக்காதீர்கள். தன் பாலினம் எது என்று தானே சொல்லிக்கொள்ளும் உரிமையை 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அதை மறுபடி நிரூபிக்க வேண்டியதில்லை. அக்கா என்று கூப்பிடுங்கள். கேட்டுவிட்டுப் படமெடுங்கள். வேண்டாம் என்றால் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.