தூக்கிவிட்ட ஜிப்ஸியும் வீல் பேலன்ஸ் வைத்தியமும்

"லிஃப்ட் பண்ணின வண்டி உதறுதா, முதல்ல வீல் பேலன்ஸ் பாருங்க." சிம்மக்கல் பட்டறையிலிருந்து யூடியூப் வரை இதே பாட்டுதான். நண்பரின் மாருதி ஜிப்ஸிக்கு மூன்று தடவை பேலன்ஸ் பார்த்தாச்சு, உதறல் நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு சுமார் 8 சுற்று. ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அதைப்போல ஏறக்குறைய 4 மடங்கு. கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் ஏறி இறங்கும். ஆக, வினாடிக்கு 60 அதிர்வுக்கு மேல். ஸ்டியரிங் ஆடுவதும் சீட்டுக்கு அடியில் உர்ரென்று உறுமுவதும் ஒன்றா?

இரு முனைக் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சரிக்கட்டிவிடும். பின்பக்கம் நீள ஷேக்கிள் போட்டதில் பினியன் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது, சமம் போச்சு. அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு இன்னும் தூக்கி, ஷாஃப்டுக்கு நேராகத் திருப்பச் சொன்னவரும் உண்டு! அது டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை கிராஸ் உள்ள ஷாஃப்டுக்கு. இதில் இருப்பது ஒற்றை.

பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே, மூக்கு இறங்கும்படி இரும்பு ஆப்பு வைத்ததும் அடங்கியது. அதற்குள் ஒரு கிராஸ் காலி. சிறுமலை இறக்கத்தில் அது அறுந்திருந்தால்?