ஔவையின் நரைமுடி: மேடைப் பொய்முடியும் இலக்கிய வரலாறும்

வரலாற்று நாடகங்களைத் திறனாய்வோர் உரையாடலையும் நடிப்பையும் ஆராயும் அளவிற்குத் தலைமுடி ஒப்பனையை ஆராய்வதில்லை. ஆயினும், டோப்பா என வழங்கும் பொய்முடியும் ஒருவகை உரையே ஆகும். உரையாசிரியர் பாடலுக்குப் பொருள் காண்பதுபோல, முடி செய்பவர் மாந்தரின் காலத்தையும் அகவையையும் வரையறுத்துவிடுகிறார். ஔவையார் இதற்குத் தக்க சான்று.

நாடக முடியைக் கையால் செய்வோர், தலையின் அளவுக்குத் தைத்த மெல்லிய வலையில் சிறு கொக்கியால் ஓரிரு மயிராக முடிச்சிட்டு நிரப்புவர். நெற்றியோரத்தில் ஒற்றை மயிராக இட்டால்தான் அது இயற்கை முடிபோல் தோன்றும். நரைமுடிக்கு இமயக் கவரியின் வெண்மயிரும் பயன்படும். பதிற்றுப்பத்தின் 43ஆம் பாடல் மகளிர் கொண்டையைக் கவரியோடு இணைத்துப் பேசுவதால், சவுரி வைக்கும் வழக்கம் பழமையானது எனக் கருத இடமுண்டு.

டி.கே.எஸ். சகோதரர்களின் ‘ஔவையார்’ நாடகத்தில் தி.க. சண்முகம் மூதாட்டியாக நடித்து, ‘அவ்வை’ என்னும் அடைமொழியையே பெற்றார். 1953இல் ஜெமினி தயாரித்த திரைப்படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அவ்வேடம் ஏற்றார். இளமையிலேயே முதுமையை வேண்டிப் பெற்றவர் என்னும் கதை முன்பே வழங்கியதுதான். எனினும், அக்கதைக்குக் கண்ணால் காணும் உறுதியை அளித்தது நரைமுடியே எனலாம்.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. அதியமானைப் பாடிய சங்கப் புலவரும் ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவையாரும் வேறானவர் என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. புறநானூற்றின் 89ஆம் பாடலில் பகைவேந்தன் ஔவையாரை விளிக்குமிடத்து, மை தீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலியாகவே அவர் காட்சியளிக்கிறார். அது கவிமரபே என்று கொள்ளினும், நரைக்கு அங்கு இடமில்லை. நரைமுடி அணிந்த மேடை ஔவை, இவ்விருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்.

இராசராசன் போன்ற மன்னர்க்கு முடி செய்பவர், 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் கால ஓவியங்களை நோக்கலாம். 1931இல் வெளிப்பட்ட அவ்வோவியங்களில் ஆண், பெண் இருபாலாரின் முடியமைப்பும் தெளிவாக உள்ளது. சங்க விறலிக்கு அத்தகைய ஓவியச் சான்று இல்லை. ‘ஐம்பால்’ முதலிய சொற்களே வழிகாட்டி. சோழர் காலக் கொண்டையை அவளுக்குச் சூட்டுவதும் கால வழுவே ஆகும். எனவே, துல்லியம் என்பது சான்றின் அளவைப் பொறுத்தது.

இது வல்லுநர்க்கு மட்டும் உரிய ஆய்வன்று. ஜொகூரின் செடெனாக் போன்ற தோட்டப்புறச் சூழலில் பயிலும் மாணவர்க்கு, பள்ளி மேடையே ஔவையாரை முதலில் காட்டும் இடமாக அமையக்கூடும். நெல்லிக்கனிக் காட்சியில் வருபவருக்குக் கருங்கூந்தலும், ஆத்திசூடி கூறுபவருக்கு நரைமுடியும் அணிவித்தால், ஒரு பெயருக்குப் பின்னே ஒன்றுக்கு மேற்பட்ட புலவர் உண்டு என்பதை மாணவர் எளிதில் உணர்வர். ஆசிரியர் இதற்குச் செலவிட வேண்டுவது இன்னுமொரு சவுரி மட்டுமே.