மேரி ஸ்டோப்ஸும் கூரைப்பாறையும்

நிலக்கரித் துண்டு ஒன்றை உடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அது ஒரே கறுப்பாக இருப்பதில்லை. கண்ணாடிபோல் மின்னும் ஒரு வரி, பட்டுத்துணியின் மினுக்கமுள்ள ஒரு வரி, ஒளியே இல்லாத கெட்டியான ஒரு வரி, இடையிடையே அடுப்புக்கரிபோல் விரலில் ஒட்டும் மெல்லிய படலம். இவற்றை விட்ரைன், கிளாரைன், டியூரைன், ஃபியூசைன் என நான்காகப் பிரித்து 1919இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதியவர் மேரி ஸ்டோப்ஸ். நுண்ணோக்கியில் தெரியும் கூறுகளுக்கு ‘மாசெரல்’ என்ற பொதுப்பெயரை 1935இல் தந்தவரும் அவரே. அதே ஆண்டு நெதர்லாந்தின் ஹீர்லன் நகரில் கூடிய மாநாடு அவருடைய சொற்களை ஏற்றது. இன்று இந்தியாவின் ஜாரியா ஆனாலும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆனாலும், நிலக்கரியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அறிக்கை என்றால் மாசெரல் விழுக்காட்டு அட்டவணை ஒன்று அதில் இருக்கும். பொதுமக்கள் நினைவில் ஸ்டோப்ஸ் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத்தின் முன்னோடி. அந்தப் பணியும், அதில் அவர் கலந்த இனமேம்பாட்டுவாத நஞ்சும் தனி விசாரணைக்கு உரியவை. நிலக்கரி ஆய்வில் அவர் விட்டுச்சென்றவை இரண்டு: ஒரு பெயர்த்தொகுதி, ஓர் ஆராயும் முறை. பின்வந்தவர்கள் பெயர்களை இறுகப் பற்றிக்கொண்டார்கள். முறையைக் கைநழுவ விட்டார்கள். இந்தத் துறையின் பலமும் பலவீனமும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன என்பது என் வாதம்.

முறை என்று நான் சொல்வது, 1908இல் டி. எம். எஸ். வாட்சனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. லங்காஷயர், யார்க்ஷயர் சுரங்கங்களில் சில கரிப்படுகைகளுக்குள் சுண்ணக்கல் உருண்டைகள் கிடைக்கும். அவற்றை அறுத்துத் தேய்த்தால் உள்ளே முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய தாவரங்களின் செல்சுவர்கள்கூட நசுங்காமல் தெரியும். அவை வேறெங்கிருந்தோ வந்து விழுந்தவையா, சதுப்பிலேயே உருவானவையா என்பது கேள்வி. இருவரும் உருண்டையை மட்டும் பார்த்து விடை சொல்லவில்லை. எந்தப் படுகையில் உருண்டை கிடைக்கிறதோ, அதன் மேலே உள்ள கூரைப்பாறையில் கடல்வாழ் சிப்பிகள் இருந்தன. உருண்டைக்குள் இருந்த தாவரங்களும் கூரைப்பாறையின் முடிச்சுகளில் இருந்த தாவரங்களும் ஒன்றாக இல்லை. முன்னவை சதுப்பில் நின்று வளர்ந்தவை, பின்னவை நீரில் அடித்துவரப்பட்டவை. இந்தக் களச்சான்றோடு வேதியியலைச் சேர்த்தார்கள். சதுப்பின்மேல் கடல்நீர் ஏறியது. அழுகும் தாவரம் அந்நீரின் சல்ஃபேட்டைச் சிதைத்தது. கால்சியமும் மக்னீசியமும் கார்பனேட்டாகப் படிந்து அந்தத் திசுவை அப்படியே கல்லாக்கின. களம், தாவரம், வேதியியல் மூன்றும் ஒன்றையொன்று சரிபார்க்கும் ஆய்வு அது. கனடாவில் ஃபெர்ன் லெட்ஜஸ் பாறைகளின் வயது பற்றிப் பல பத்தாண்டுகளாக நீடித்த சச்சரவை, அவை கார்பனிஃபெரஸ் காலத்தவை என்று காட்டி 1914இல் அவர் தீர்த்துவைத்ததும் இதே பொறுமையால்தான்.

பெயர்த்தொகுதியின் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்கு முன் வேதியியலாளர் நிலக்கரியை இடித்துப் பொடியாக்கி, முழுவதையும் கலந்து, ஈரம் இவ்வளவு, சாம்பல் இவ்வளவு, ஆவியாகும் பொருள் இவ்வளவு என்று கணக்கிட்டார். கிடைத்தது ஒரு சராசரி. வேறுவேறு பொருள்களின் கலவை ஒன்றைச் சராசரியாக்கினால் எந்தப் பொருளின் இயல்பும் தெரியாது. ஸ்டோப்ஸ் பிரித்துக் கொடுத்த நான்கு கூறுகளையும் 1919இல் டைட்ஸ்வெல்லும் வீலரும் தனித்தனியே பகுத்தபோது, ஒரே துண்டின் வரிகள் வேதியியலில் வேறுவேறானவை என்று தெளிவாயிற்று. வீலர் சுரங்க வெடிப்புகளை ஆராய்ந்தவர். 1906இல் பிரான்சின் கூரியேரில் கரித்தூசி வெடித்து 1,099 பேர் இறந்திருந்தார்கள். 1913இல் வேல்ஸின் செங்கனித்தில் 439 பேர். நிலக்கரி எதனால் ஆனது என்ற கேள்வி அன்று சுரங்கத் தொழிலாளியின் உயிரோடு கட்டுண்டிருந்தது. பின்னாளில் விட்ரினைட் என்ற மாசெரல் தொகுதி திருப்பி அனுப்பும் ஒளியை அளந்து பாறை எவ்வளவு வெப்பம் கண்டது என்று சொல்லும் உத்தி வளர்ந்ததும், மற்ற கூறுகளிலிருந்து விட்ரினைட்டைப் பிரித்தறிய முடிந்ததால்தான். அந்த அளவு சுமார் 0.6 முதல் 1.3 விழுக்காடு வரை இருந்தால் எண்ணெய் உருவாகியிருக்கலாம் என்று இன்று எண்ணெய்த் தேடுநர் கணிக்கிறார்கள்.

குறை அந்தப் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது. ‘மினரல்’ என்ற சொல்லுக்கு இணையாகவே ‘மாசெரல்’ ஆக்கப்பட்டது. ஆனால் குவார்ட்ஸ் எங்கு கிடைத்தாலும் குவார்ட்ஸ். அதற்கு நிலையான வேதிச் சேர்க்கை உண்டு. விட்ரினைட் அப்படியல்ல. நிலக்கரி முற்ற முற்ற அதன் கார்பன் கூடிக்கொண்டே போகும். ஆந்த்ரசைட்டின் விட்ரினைட்டும் இளங்கரியின் விட்ரினைட்டும் பெயரளவில்தான் உறவு. இதைவிட மோசமானது ‘இனர்டினைட்’ என்ற தொகுதி. வினைபுரியாதது என்று பெயரே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கற்கரி உலைக்கான கணிப்புகளில், அத்தொகுதியில் அடங்கும் செமிஃபியூசினைட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் இளகும் என்று ஒரு வாய்பாடு வைத்துக்கொண்டார்கள். வட அரைக்கோளத்துக் கார்பனிஃபெரஸ் நிலக்கரிக்கு அது ஓரளவு பொருந்திற்று. இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் பெர்மியன் காலக் கோண்ட்வானா நிலக்கரியில் அதைவிடக் கூடுதலான பங்கு உலையில் இளகியது. வேறு தாவரம், வேறு தட்பவெப்பம், வேறு சதுப்பு. அந்தத் தாவரம் குளோசோப்டெரிஸ். அதைத் தேடித் தென்துருவப் பயணத்தில் சேர ஸ்டோப்ஸே பயணத் தலைவர் ஸ்காட்டிடம் கேட்டார், இடம் கிடைக்கவில்லை. 1912இல் ஸ்காட்டின் உடலோடு மீட்கப்பட்ட 16 கிலோ கற்களில் குளோசோப்டெரிஸ் இலைகள் இருந்தன. ஆங்கிலேய நிலக்கரியைப் பார்த்து வைத்த பெயர்கள் அந்த இலைகளிலிருந்து பிறந்த நிலக்கரிக்குத் திருத்தமின்றிப் போய்ச் சேர்ந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தோற்றப்பெயர் பிறப்புச் சான்றிதழாக மாறியது அடுத்த வழுக்கல். இனர்டினைட் ஏறத்தாழ முழுவதுமே காட்டுத்தீயின் கரி என்று ஆய்வாளர் ஆண்ட்ரூ ஸ்காட் போன்றோர் கருதி, பழங்கால வளிமண்டல ஆக்சிஜனையே அதன் அளவிலிருந்து கணித்தார்கள். பூஞ்சை அரிப்பும் மெல்லிய ஆக்சிஜனேற்றமும் அதே தோற்றத்தைத் தரக்கூடும் என்று ஜேம்ஸ் ஹோவர் போன்றோர் மறுத்தார்கள். ஒரே பெயருக்குள் இரண்டு பிறப்புகள் இருக்கக்கூடுமென்றால், விழுக்காட்டை மட்டும் வைத்து வளிமண்டலத்தை அளப்பதில் எச்சரிக்கை வேண்டும். கிளாஸ் டீசல் 1986இல் ஆஸ்திரேலியப் பெர்மியன் நிலக்கரிக்காக மாசெரல் அளவுகளிலிருந்து அமைத்த திசுக்காப்பு, கூழ்மமாதல் குறியீடுகளுக்கும் இதே கதி நேர்ந்தது. உலகெங்கும் எந்தக் காலத்து நிலக்கரிக்கும் அவற்றைப் போட்டு, இது காட்டுச்சதுப்பு, இது புல்சதுப்பு என்று வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள்.

பெயரைத் தவறாகக் கையாண்டவர்களின் பிழைக்கு ஸ்டோப்ஸ் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் விவரிக்கவே பெயர் வைத்தார். தீர்ப்பை ஏற்றியவர்கள் பிறகு வந்தவர்கள். ஆனாலும் 1908இல் கூரைப்பாறையைப் பார்த்தபின் உருண்டையைப் பற்றிப் பேசியவர், 1919இல் கைத்துண்டிலிருந்தே பெயர்களை எடுத்தார். படுகை பின்னணிக்குப் போயிற்று. பொதுச்சொல் இல்லாவிட்டால் ஒப்பீடே நடக்காது என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மை. அமெரிக்கச் சுரங்கத்துறையில் ரைன்ஹார்ட் தீசன் மெல்லிய சீவல்களில் ஒளியைப் புகவிட்டு, ஆந்த்ராக்சைலான் என்றும் அட்ரிடஸ் என்றும் வேறு பிரிவினை செய்தார். அட்லாண்டிக்கின் இரு கரைகளும் நெடுங்காலம் வேறு மொழி பேசின. ஸ்டோப்ஸின் சொற்கள் நிலைத்ததால் அந்தக் குழப்பம் பெரிதும் தணிந்தது. ஆகவே சொற்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சொல் முடிவாக நிற்பதைத்தான் மறுக்கிறேன்.

நம் நாட்டில் இது ஏட்டுச் சச்சரவு ஆகாது. இந்திய அனல்மின் நிலைய நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 முதல் 45 விழுக்காடு. அந்தக் களிமண்ணும் மணலும் தாவரத்தோடு பின்னிக் கிடப்பவை; கழுவி எளிதில் நீக்க முடியாது. மாசெரல் விழுக்காடு பலநேரம் கனிமத்தைக் கழித்துவிட்டே தரப்படுகிறது. அதாவது நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அட்டவணைக்கு வெளியே நிற்கிறது. ஆர்செனிக், பாதரசம் போன்றவை எந்தக் கனிமத்தில், எந்த வடிவில் தங்கியிருக்கின்றன என்று தேடும் புவிவேதியியல் அங்கேதான் தொடங்கவேண்டும். தால்ச்சேர் நிலக்கரி பாராதீப்பிலிருந்து கப்பலேறி வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. அதன் சாம்பல் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோடு கலந்திருக்கிறது. அந்த ஆற்றில் மீன்பிடிப்போருக்கு விட்ரினைட்டின் விழுக்காடு எதையும் சொல்லாது. சாம்பலில் என்ன, எங்கிருந்து வந்தது என்பது சொல்லும். நிலக்கரி ஆய்வில் இறங்கும் இளையவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மாசெரல் அட்டவணையைத் தாருங்கள், அதற்கு முன்னால் அந்தப் படுகையின் கூரைப்பாறையைப் பற்றியும் கனிமங்களைப் பற்றியும் ஒரு பக்கமாவது எழுதுங்கள்.