சிந்து நதிக்கரை மனிதனும் வேர்ஜிலின் விதியும்

கிறிஸ்துவை அறியாது வாழ்ந்து மடிந்த நல்லோருக்கு மோட்சம் உண்டா என்னும் வினா கிறிஸ்தவ இறையியலுக்குப் புதியதன்று. திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்னும் கருத்து மூன்றாம் நூற்றாண்டிலேயே சிப்பிரியானின் எழுத்துக்களில் இடம்பெற்றுவிட்டது. 1302இல் பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ், மீட்படைவதற்குப் பாப்பரசருக்குப் பணிந்திருத்தல் இன்றியமையாதது எனப் பிரகடனஞ் செய்தார். அதே பொனிபாசுக்கு நரகத்தில் முன்கூட்டியே ஓரிடம் ஒதுக்கிவைத்தவர் தாந்தே. ஆகவே, தாந்தேயை இடைக்காலத் திருச்சபைக் கோட்பாட்டைச் செய்யுளாக்கியவர் என்று மாத்திரம் மதிப்பிடுவோர் அவரது காவியத்தைப் பாதியே படித்தவராவர்.

1300ஆம் ஆண்டில் நிகழ்வதாக அமைந்த 'கொமெடியா'வில், நரகத்தினூடாகவும் உத்தரிக்கும் தலத்தினூடாகவும் தாந்தேயை வழிநடத்துபவர் உரோமக் கவிஞர் வேர்ஜில். கி.மு. 19இல் இறந்த அவருக்கு ஞானஸ்நானம் கிட்டியிருக்க வழியே இல்லை. ஆதலின் ஹோமர், அரிஸ்டோட்டில் முதலியோருடன் நரகத்தின் முதல் வட்டமாகிய லிம்போவில் அவர் இருக்கின்றார். இப்னு சீனா, இப்னு ருஷ்து, சலாகுதீன் ஆகியோரும் அங்குளர். அங்கு வதையில்லை, நம்பிக்கையுமில்லை. அங்குள்ளோர் பாவஞ் செய்தவரல்லர் என்று வேர்ஜில் விளக்குகின்றார். ஆனால் முதற் படலத்திலோ, தாம் இறைவனின் சட்டத்தை எதிர்த்து நின்றமையாலேயே அவனது நகருட் புக இயலாதெனக் கூறியிருந்தார். கேட்டேயறியாத சட்டத்தை ஒருவர் எங்ஙனம் எதிர்த்தல் கூடும்? உரையாசிரியர்கள் இம்முரணுக்குப் பலவாறு அமைதி கூறுவர். எழுதிய கவிஞரின் மனமே அமைதியுறவில்லை என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்வதே நேர்மையென எனக்குத் தோன்றுகின்றது.

அவ்வமைதியின்மை மோட்ச காண்டத்தில் வெளிப்படையாகவே எழுகின்றது. வியாழ மண்டலத்தில், நீதிமான்களான அரசர்களின் ஆன்மாக்கள் கூடி ஒரு கழுகின் உருவாய் நின்று பேசுகின்றன. தாந்தேயின் நெஞ்சில் நெடுங்காலமாய்க் கிடந்த ஐயத்தை அக்கழுகே எடுத்துரைக்கின்றது. சிந்து நதிக்கரையில் ஒருவன் பிறக்கிறான். கிறிஸ்துவைப் பற்றி அவனுக்குச் சொல்வாரில்லை. அவனது சொல்லிலும் செயலிலும் குற்றமில்லை. ஞானஸ்நானமின்றி இறக்கும் அவனைத் தண்டிப்பது எவ்வகை நீதி? எமது நாட்டு வாசகருக்கு இம்மனிதன் அந்நியனல்லன். எம் முன்னோரின் பெயர் சொல்லியே இவ்வினா கேட்கப்பட்டது போலிருக்கின்றது.

கழுகின் விடை ஏமாற்றமளிப்பது. நீதியை அளக்க நீ யார் என்று அது கேட்கின்றது. கிறிஸ்துவை விசுவசியாத எவரும் இங்கு வந்ததில்லை என்கின்றது. எனினும், அவர் பெயரை ஓயாது கூவுவோர் பலர் தீர்ப்பு நாளில் அவரை அறியாதோரிலும் அவருக்குத் தூரமாய் நிற்பர் எனவுஞ் சொல்லி, கிறிஸ்தவ அரசர்களின் கொடுமைகளை அடுக்கத் தொடங்குகின்றது. இது விடையன்று, பேச்சை மாற்றுதல்.

அடுத்த படலத்திலே கழுகின் புருவத்தில் இரு புறச்சமயத்தார் ஒளிர்கின்றனர். ஒருவர் பேரரசர் திராஜன். பாப்பரசர் கிரகோரியின் மன்றாட்டினால் அவர் மீட்கப்பட்டார் என்னும் ஐதிகம் முன்னரே வழங்கியது. மற்றவன் துரோய் நகரத்து ரிப்பேயஸ். இவனுக்கு அத்தகைய ஐதிகமுமில்லை. வேர்ஜிலின் 'ஏனீட்' காவியத்தில், துரோயருள் மிக நேர்மையானவன் என்று புகழப்பட்டுப் போரில் மடியும் சிறு பாத்திரமே அவன். ஞானஸ்நானம் என்பது தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வரவிருந்த மீட்பை இறைவன் அவனுக்குக் காட்டினானாம். படைத்த பாத்திரம் மோட்சத்தில், படைத்தவர் லிம்போவில்!

இதனைத் தாந்தேயின் தாராள மனப்பான்மைக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவாருளர். அதனை என்னால் ஏற்க முடியவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டென்றால் விதி மேலுங் கொடிதாகின்றது. ரிப்பேயசுக்குக் காட்டியதை வேர்ஜிலுக்கு ஏன் காட்டவில்லை? வேர்ஜிலின் பாடலாற் கிறிஸ்தவனானேன் என ஸ்ராசியஸ் என்னும் கவிஞர் உத்தரிக்கும் தலத்தில் நன்றி கூறும்போது இக்கேள்வி இன்னுங் கூர்மையடைகின்றது.

திருச்சபையின் நிலைப்பாடு பிற்காலத்தில் நெகிழ்ந்தது. நற்செய்தியைத் தம் குற்றமின்றி அறியாது, நேரிய மனச்சாட்சியுடன் வாழ்வோரும் மீட்படையலாம் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஏற்றது. ஆனால் 'கொமெடியா'வை முடித்து 1321இல் இறந்த தாந்தேக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. கோட்பாட்டை மீறவும் அவர் துணியவில்லை. எனவே நியாயத்தால் ஆகாததை அவர் காட்சியாற் செய்தார். உத்தரிக்கும் தலத்தின் உச்சியிற் பெயாற்றிஸ் தோன்றுகின்றாள். நடுக்கமுற்ற தாந்தே, தாயை நாடும் குழந்தையெனப் பக்கத்தே திரும்புகின்றார். வேர்ஜில் அங்கில்லை. விடைபெறும் சொல் ஒன்றுமில்லை. அப்பெயரையே மூன்று முறை அடுத்தடுத்துச் சொல்லித் தாந்தே அழுகின்றார்; மோட்சத்தின் வாயிலில், தேடிவந்தவள் எதிரே நிற்கையில்.